அத்தியாயம் 6: திருகைத் தொடுவதற்கு முன்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. பாதையை அடைத்துக் கிடந்த மரங்களை அறுக்க அவசர அவசரமாக வாங்கிய 58 சிசி செயின்சாதான் என் முதல் மிஷின். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் ஐடிலிங்கில் நிற்காமல் தானாகவே ரேஸ் ஏறி ஏறி இறங்கியது. கையில் திருப்புளி இருந்தது, கார்பரேட்டரில் திருகு தெரிந்தது. இப்படியும் அப்படியும் திருகிச் சத்தத்தைச் சீராக்கினேன். மிஷின் முன்பைவிட வேகமாகவே ஓடியது. அன்று பொழுது சாய்வதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

மன்னார்குடியில் ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகளையே பார்த்துவந்த மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் முதலில் கார்பரேட்டர் பக்கமே போகவில்லை. சைலன்சரைக் கழற்றி, அது இருந்த துளைக்குள் டார்ச் அடித்தார். பளபளவென்று இருக்க வேண்டிய பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல் கீறலாகக் கோடுகள்.

"ஆயில் கலந்துதானே ஊத்துன தம்பி?"

"அளந்துதாண்ணே கலந்தேன்."

"அப்ப எங்கேயோ திருட்டுக் காத்து புகுந்திருக்கு. அதத் தேடாம திருக ஆரம்பிச்சுட்ட."

தேடினார். கார்பரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழலில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. சில நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை, சிலிண்டர், பிஸ்டன் செலவில் வந்து நின்றது.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வெடிப்பிலிருந்து நான் கற்ற வரிசைதான். முதலில் நோயைக் கண்டுபிடிப்பது, இரண்டாவது சரிசெய்வது, மூன்றாவது டியூன் செய்வது, கடைசியில்தான் மாற்றியமைப்பது. வரிசை மாறினால் மிஷின் போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது

செயின்சாவின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது. பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வழவழப்பு தருவது பெட்ரோலோடு கலந்துவரும் டூ-டி ஆயில் மட்டுமே. அதனால் உள்ளே போகும் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் குறைகிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200 தடவை பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் வழவழப்பு குறைந்தால் அலுமினியப் பிஸ்டன் உப்பிச் சிலிண்டரில் உரசி ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

காற்று மிகுந்த கலவையை 'லீன்' என்றும், பெட்ரோல் மிகுந்த கலவையை 'ரிச்' என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள். ரிச்சாக ஓடும் மிஷின் புகைக்கும், திணறும், பிளக்கைக் கறுப்பாக்கும். ஆனால் சாகாது. லீனாக ஓடும் மிஷின் சுறுசுறுப்பாகத் தெரியும், சாகும்வரை அழகாக ஓடும். புதிதாகத் தொடங்குபவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான்.

கார்பரேட்டரும் பழைய பைக்குகளில் இருப்பது போன்றதல்ல. அவற்றில் மிதவை இருக்கும், சாய்த்தால் பெட்ரோல் வழியும். செயின்சாவைப் படுக்கவைத்தும் அறுக்க வேண்டியிருப்பதால் இதில் மிதவைக்குப் பதில் இரண்டு டயாஃப்ரம்கள். பிஸ்டனின் அசைவால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக வந்து முதல் டயாஃப்ரத்தை ஆட்டிப் பெட்ரோலை இழுக்கிறது. இரண்டாவது டயாஃப்ரம் ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தி, தேவையான அளவு மட்டும் உள்ளே விடுகிறது. வால்ப்ரோ, ஜாமா இரண்டிலும் அடிப்படை இதுவே.

மேசையில் இருக்க வேண்டியவை

4 மி.மீ. ஆலன் கீ, ஸ்டில் மிஷின் என்றால் டி27 நட்சத்திர பிட், பிளக் ஸ்பேனர், சிறிய தட்டைத் திருப்புளி, ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், டார்ச், பழைய பல் துலக்கி, ஒரு கஜம் நைலான் கயிறு. இவற்றோடு ஒரு நோட்டு, பென்சில். கழற்றும் ஒவ்வொரு திருகும் எங்கிருந்து வந்தது, எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள்.

வேலையைத் தொடங்குமுன் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோலை வெட்டவெளியில் வடியுங்கள். செயினைத் தொடும்போது கையுறை, மிஷினை ஓட்டும்போது கண்ணாடி, காதடைப்பு. பார், செயின், மூடி மூன்றும் சரியாகப் பொருத்தாமல் ரேஸ் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

நான்கு கேள்விகள்

ஓடாத மிஷினிடம் கேட்க வேண்டியவை நான்கே: அமுக்கம் இருக்கிறதா, கரண்ட் வருகிறதா, பெட்ரோல் ஏறுகிறதா, திருட்டுக் காற்று புகுகிறதா?

*அமுக்கம்.* ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். நல்ல மிஷின் தயங்கித் தயங்கி இறங்கும். சரசரவென்று கீழே போனால் அமுக்கம் போய்விட்டது. கேஜ் வைத்துப் பார்த்தால் நல்ல மிஷின் 150 பிஎஸ்ஐ அளவில் காட்டும். 100-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். கேஜின் வால்வு குழாயின் நுனியிலேயே இருக்க வேண்டும். நீளக் குழாயின் மறுகோடியில் வால்வு இருக்கும் கேஜ், சின்ன சிலிண்டரில் குறைத்துத்தான் காட்டும். நல்ல பிஸ்டனைக் கெட்டது என்று தூக்கிப்போட அது போதும்.

அடுத்து சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டனைப் பாருங்கள். செயின்சாவில் இதைவிட உண்மை பேசும் ஜன்னல் வேறு கிடையாது. சைலன்சர் பக்கம் மட்டும் கீறல் என்றால் பெரும்பாலும் லீனாக ஓடிய சூடு, அல்லது ஆயில் இல்லாத பெட்ரோல். கார்பரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே தூசி போயிருக்கிறது. மேலிருந்து கீழாக ஆழமான ஒற்றைக் கோடு என்றால் ரிங் உடைந்தோ, பிஸ்டன் பின்னின் லாக் கழன்றோ இருக்கலாம்.

*கரண்ட்.* பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு சிலிண்டரைத் தொடும்படி பிடித்து, பெட்ரோல் ஈரம் எதுவும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கயிற்றை இழுங்கள். நீல நிறத்தில் பொறி வர வேண்டும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. பொறி வராவிட்டால் காயிலை மாற்றுவதற்கு முன் சுவிட்ச் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் ஒயர் உரசி எர்த் ஆகியிருக்கும். காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.3 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து போல்ட்டை இறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.

பிளக்கின் நிறமும் பேசும். காப்பிக்கொட்டை நிறம் என்றால் நலம். கறுப்பும் ஈரமும் ரிச். சுண்ணாம்பு வெள்ளை லீன், உடனே நிறுத்துங்கள்.

*பெட்ரோல்.* தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள். ரப்பர் குழாயை விரலால் மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். தொட்டிக்குக் காற்று விடும் துளை அடைத்திருந்தால் மிஷின் ஐந்து நிமிடம் ஓடி நிற்கும். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் நோய் அதுவே.

2025-க்குப் பிறகு இங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் டயாஃப்ரத்தையும் விறைக்கவோ ஊதவோ வைக்கும். அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் சற்று லீன் ஆகும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்து ஓரங்கட்டும்போது தொட்டியை வடித்துவிட்டு, கார்பரேட்டர் காலியாகி மிஷின் தானே நிற்கும்வரை ஐடிலிங்கில் ஓட்டுங்கள்.

கலக்கும் அளவை மிஷினோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 40:1 என்றால் 25 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. ஆயிலில் ஜாசோ எஃப்டி என்ற முத்திரையைத் தேடுங்கள். படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கானது. காற்றில் குளிரும் செயின்சாவுக்கு அது ஆகாது.

*திருட்டுக் காற்று.* ரேஸ் கொடுத்துவிட்டதும் சத்தம் சட்டென்று இறங்காமல் மேலேயே தொங்கினால், ஐடிலிங் ஏறி ஏறி இறங்கினால், மிஷினைச் சாய்க்கும் பக்கத்துக்கு ஏற்பச் சத்தம் மாறினால், திருப்புளியைக் கீழே வையுங்கள். காற்று புகக்கூடிய இடங்கள் நான்கு: ரப்பர் குழல், கார்பரேட்டர் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், கிராங்கின் இரு பக்க ஆயில் சீல்கள்.

தேட நான் வைத்திருக்கும் கருவி இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பம்பும் கேஜும். ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, அதன் உலோக உடம்பில் குழாயை எம்-சீல் வைத்துப் பொருத்தியிருக்கிறேன். சைலன்சருக்கு அடியிலும் கார்பரேட்டருக்கு அடியிலும் சைக்கிள் டியூப் துண்டை வைத்து இறுக்கி அடையுங்கள். துடிப்புத் துளை தனியாக இருந்தால் அதையும் அடையுங்கள். பிஸ்டனை அடிக்கு இறக்கி, பிளக் துளை வழியாக அந்த இரத்த அழுத்தக் கேஜில் 250 (மி.மீ. பாதரசம், பிஎஸ்ஐ அல்ல) வரும்வரை அடியுங்கள். முள் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் துலக்கியால் தடவிப் பாருங்கள், குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வெளியே தள்ளும்போது தாங்கும் ஆயில் சீல், உள்ளே இழுக்கும்போது விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே முடிந்தால் கை வேக்குவம் பம்பாலும் ஒருமுறை பாருங்கள்.

கார்பரேட்டரைத் திறத்தல்

திருகுகளைத் தொடுமுன் ஒவ்வொன்றையும் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். முட்டியபின் அழுத்தாதீர்கள், ஊசி முனை நசுங்கிவிடும்.

மூடிகளைக் கழற்றினால் டயாஃப்ரம்கள் தெரியும். நல்ல டயாஃப்ரம் துணிபோல் துவளும். கெட்டது, காதருகே வைத்து விரலால் அழுத்தினால் காகிதம்போல் சரசரக்கும். கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் திரும்ப வைக்க வேண்டும், அதனால் கழற்றும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சல்லடை உளுந்தளவுதான் இருக்கும். பெரும்பாலான அடைப்பு அங்கேதான். துளைகளில் கம்பி விடாதீர்கள். கார்பரேட்டர் கிளீனரை அடித்து ஊதுங்கள். அளவு மாறிய துளையைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

டியூன் செய்யுமுன் செயின்

மழுங்கிய செயினோடு செய்த டியூனிங் பொய்யான டியூனிங். அறுக்கும்போது சீவல் விழ வேண்டும். மாவு விழுந்தால் செயின் மழுங்கியிருக்கிறது. தென்னையும் பனையும் நார்மரங்கள், செயினின் முனையைச் சீக்கிரம் தின்றுவிடும். டெல்டாவில் ஒரு தொட்டி பெட்ரோலுக்கு ஒருமுறை அரம் போடுவதே நல்ல பழக்கம்.

1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பியூஃபர்ட் காக்ஸ், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு ஒன்று இடமும் வலமுமாகத் தாடையை ஆட்டித் தின்பதைக் கவனித்தார். அந்தத் தாடைகளைப் பார்த்து அவர் செய்த செயின்தான் இன்றைய செயின்களின் தாய். உங்கள் செயினிலும் ஒரு பல் இடம், ஒரு பல் வலம் என்று மாறி மாறி இருப்பதைப் பாருங்கள். ஒரு பக்கப் பற்கள் மட்டும் குட்டையாகிவிட்டால் வாய் கோணி, பார் வளைந்து வளைந்து அறுக்கும்.

.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம், சின்ன 3/8 செயினுக்கு 4 மி.மீ., சாய்வு 30 டிகிரி. எல்லாப் பல்லுக்கும் அரம் ஒரே எண்ணிக்கையில் விழ வேண்டும். பல்லுக்கு முன்னால் இருக்கும் மொட்டு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். ஆத்திரப்பட்டு அதை அதிகம் தேய்த்தால் மிஷின் துள்ளும், உதைக்கும்.

டியூனிங்

பெரும்பாலான கார்பரேட்டர்களில் மூன்று திருகுகள் இருக்கும். எல் மெதுவான ஓட்டத்தின் கலவைக்கு, எச் முழு ரேஸின் கலவைக்கு, எல்ஏ அல்லது டி ஐடிலிங் வேகத்துக்கு. எல், எச் இரண்டையும் கடிகார திசையில் திருகினால் லீன், எதிர்த்திசையில் ரிச். ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வார்னாவின் ஆட்டோ-ட்யூன் மிஷின்களில் கணினியே கலவையைப் பார்த்துக்கொள்ளும், அவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது.

1. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து மாட்டுங்கள். புத்தகத்தில் தொடக்க அளவு இல்லாவிட்டால் எல், எச் இரண்டையும் முட்டிய இடத்திலிருந்து ஒரு சுற்று திறந்து வையுங்கள். நான்கைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள்.

2. எல் திருகை மெல்ல இருபுறமும் திருகி, ஐடிலிங் எந்த இடத்தில் அதிகமாகிறது என்று கண்டுபிடியுங்கள். அங்கிருந்து அரைக்கால் முதல் கால் சுற்று வரை ரிச் பக்கம் திறங்கள். ரேஸ் கொடுத்தால் தடுக்காமல் எகிற வேண்டும்.

3. எல்ஏ திருகால், செயின் அசையாமல் நிற்கும் அளவுக்கு ஐடிலிங்கைக் குறையுங்கள். பல மிஷின்களில் அது 2,800 சுற்றுப் பக்கம் இருக்கும். ஐடிலிங்கில் செயின் ஓடினால் அந்த மிஷினை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

4. எச் திருகுக்குக் காது வேண்டும். செயின் காற்றில் இருக்க, சில நொடி மட்டும் முழு ரேஸ் கொடுங்கள். சத்தம் சுத்தமான கீச்சாக இருந்தால் லீன், உடனே விட்டுவிட்டு அரைக்கால் சுற்று திறங்கள். கீச்சுக்குள் ஒரு கரகரப்பு, தவில் வாரை லேசாகத் தளர்த்தியதுபோல் ஒரு குழறல் கேட்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் குழறல் மறைந்து சத்தம் சுத்தமாக வேண்டும், மரத்திலிருந்து தூக்கியதும் குழறல் திரும்ப வேண்டும். மரத்திலும் குழறினால் ரிச். மரம் இல்லாமலே சுத்தமாக இருந்தால் லீன். டேக்கோமீட்டர் இருந்தால் புத்தகத்தில் போட்டிருக்கும் உச்சச் சுற்றைத் தாண்டாமல் பாருங்கள்.

5. எல்லாம் முடிந்ததும் ஐடிலிங்கை மறுபடி பார்த்து, மூன்று திருகின் சுற்றுகளையும் தேதியோடு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மிஷின் மாறி ஓடினால், அந்த எண்கள் அப்படியே இருக்கின்றன என்றால், கெட்டது திருகல்ல, வேறு ஏதோ ஒன்று.

பிஸ்டன் மாற்ற நேர்ந்தால்

கிளட்ச் மரை தலைகீழ், கடிகார திசையில் திருகினால்தான் கழலும். இன்ஜின் சுற்றாமல் நிறுத்த, பிஸ்டன் மேலேறிச் சைலன்சர் துளையை மூடியபின் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் செருகுங்கள். துளை மூடாதபோது செருகினால் கயிறு அதில் சிக்கும். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தை மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாக எடுக்கலாம். உள்பூச்சு நகத்தில் தட்டும்படி உரிந்திருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். பிஸ்டன் மேல் உள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும். பின் லாக்குகள் புதியனவாகவே இருக்கட்டும். அவற்றின் வாய் நேர் மேலோ நேர் கீழோ இருக்கும்படி உட்காரவையுங்கள். எல்லாம் பூட்டியபின் திரும்பவும் காற்றுச் சோதனை. பிஸ்டனைக் கொன்ற காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

மாற்றியமைத்தல்

இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருக்கும் மிஷினைத்தான் மாற்றியமைக்கலாம். நோயோடு இருக்கும் மிஷினுக்குக் கூடுதல் பலம் கொடுத்தால் அந்த நோய் இன்னும் சீக்கிரம் முற்றும்.

முதல் வேலை சைலன்சர். பல மிஷின்களில் புகை வெளியேறும் வாய் மிகக் குறுகலாக இருக்கும். அதைப் பெரிதாக்கினால் மூச்சு விடும், பலம் தெரியும். சிலிண்டரில் உள்ள புகைத்துளையின் பரப்பில் 70 முதல் 80 சதவீதத்துக்கு மேல் வெளிவாய் தேவையில்லை. கழற்றிவைத்து அறுங்கள், உலோகத்தூள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. புது வாய் கைப்பிடியையோ தொட்டியையோ பார்க்கக் கூடாது. தீப்பொறி தடுக்கும் சல்லடையைத் திரும்ப மாட்டுங்கள், காய்ந்த சருகில் ஒரு பொறி போதும். சைலன்சரைத் திறந்தால் மிஷின் லீன் ஆகும். ஆகவே ஓட்டுமுன்பே எச் திருகைக் கால் சுற்று கூடுதலாகத் திறந்துவிட்டு, டியூனிங்கை முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, அடி கேஸ்கெட்டை எடுத்து அமுக்கத்தைக் கூட்டுவது. எடுக்குமுன் மெல்லிய ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, கயிற்றை இழுத்துப் பிஸ்டனை ஒருமுறை மேலே ஏற்றுங்கள். நசுங்கிய முனையை வெர்னியரால் அளந்து, அதிலிருந்து கேஸ்கெட்டின் கனத்தைக் கழியுங்கள். மீதி 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சிலிண்டரின் துளைகளை அரைத்து அகலப்படுத்துவது. இதை உடைந்துபோன சிலிண்டரில் பழகிவிட்டு வாருங்கள். அரைத்த ஓரங்களை மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும்.

செயின் பிரேக், செயின் பிடிக்கும் கொக்கி, ரேஸ் பூட்டு இம்மூன்றிலும் கை வைக்கவே கூடாது. பலம் கூடிய மிஷினுக்கு இவை இன்னும் அதிகமாகத் தேவை.

இந்த வாரப் பயிற்சி

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மிஷினின் சைலன்சரை, ஆறியபின் கழற்றி, டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். அதை ஒரு படம் எடுங்கள். பிளக்கின் நிறம், அமுக்கம், மூன்று திருகின் சுற்றுகள் ஆகியவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நலமான உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நோயைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். அன்று என்னிடம் அந்தப் பக்கம் இல்லை. இருந்திருந்தால், ஐடிலிங் ஏறி இறங்கிய அந்தப் பதினோராம் நாளில் நான் திருப்புளிக்குப் பதில் சோப்புத் தண்ணீரை எடுத்திருப்பேன்.